முதலில் காது, பிறகு நாக்கு: வடசென்னையும் ஆங்கில மரபுத்தொடர்களும்

ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் மலிவு விலைப் புத்தகம் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றால் கனமழை, ‘கிக் த பக்கெட்’ என்றால் செத்துப்போவது, ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் மிக எளிது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். பள்ளித் தேர்வில் இதுவே பொருத்துக என்ற வினாவாக வந்து நிற்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இந்தப் பட்டியலை உருப்போட்டுவிட்டுத்தான் வேலை தேடிக் கிளம்புகிறார்கள்.

நேர்முகத் தேர்வு அறையில் பூனையும் நாயும் மழையாகப் பெய்வதில்லை. அங்கே காதில் விழுவது வேறு. ‘வாக் மீ த்ரூ யுவர் ரெஸ்யூமே’ என்று கேட்பார்கள். எழுந்து நடக்கச் சொல்லவில்லை, படிப்பையும் அனுபவத்தையும் வரிசையாகச் சொல்லச் சொல்கிறார்கள் என்று பிடிபட வேண்டும். முடிவில் ‘வீ வில் கெட் பேக் டு யூ’ என்பார்கள். பல இடங்களில் அது, உனக்கு வேலை இல்லை என்பதை முகம் கோணாமல் சொல்லும் வழி. அதை அப்படியே நம்பி வாரக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. பட்டியலில் இருப்பவை அபூர்வமாகக் காதில் விழுபவை; வாழ்க்கையைத் தீர்மானிப்பவை பட்டியலில் இல்லை.

ஆங்கில மரபுத்தொடர்களை முதலில் கேட்டுப் புரிந்துகொள்ளக் கற்றுத்தர வேண்டும். பேசுவதற்கு அவற்றில் ஒரு சிறு பகுதி போதும். எங்கே அவற்றைப் பேசவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புரியவைக்கும் பொறுப்பில் பாதி, அதிகாரத்தில் இருந்துகொண்டு பேசுகிறவருடையது. இதுவே இக்கட்டுரையின் வாதம். இதற்கான சான்றுகளை மேலை நாட்டு ஆய்வுகளில் மட்டும் தேட வேண்டியதில்லை. இந்தக் கடற்கரையின் கடந்த 200 ஆண்டு வரலாற்றிலேயே அவை கிடக்கின்றன.

வெள்ளைக்காரர் தமிழ் கற்ற கதை

மொழி மரபைக் கற்றுக்கொள்ளும் சுமை இந்த ஊரில் எப்போதும் தமிழர் தலையில்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1812இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கியது. அதன் பின்னால் இருந்து உழைத்தவர் கம்பெனி அதிகாரி எல்லிஸ். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கும் இளம் அதிகாரிகள் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்றுத் தேற வேண்டும். தேறினால் சம்பளம் கூடும். அவர்களுக்குச் சொல்லித்தரத் தமிழ்ப் புலவர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதைகளை உரைநடையில் எழுதினார்; அது 1826இல் அச்சேறியது. நுங்கம்பாக்கத்தின் கல்லூரிச் சாலை இன்றும் அந்தக் கல்லூரியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இதற்கும் முன்பே வீரமாமுனிவர் இன்னொரு வழி காட்டியிருந்தார். கொடுந்தமிழ் என்று அவர் அழைத்த பேச்சு வழக்கிற்குத் தனியாக இலக்கணம் எழுதினார். தமிழ் கற்கும் பாதிரிமார்களுக்காகப் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். 1822இல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள், குதிரை வாங்க அலைகிறார்கள், ஒருவரை ஒருவர் எண்ணித் தடுமாறுகிறார்கள். படிப்பவர் கதையின் பின்னால் ஓடுகிறார். பேச்சுத் தமிழின் போக்கு தானாக உள்ளே இறங்குகிறது. பெர்சிவல் பாதிரியார் 1874இல் சென்னையில் வெளியிட்ட தமிழ்ப் பழமொழித் தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு இருந்தன. அதைத் தொடர்ந்து 1897இல் ஜென்சன் பாதிரியார் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்துத் தொகுத்தார்.

இந்த ஏற்பாடு ஆட்சியின் தேவைக்காகவும் மதப் பரப்புக்காகவும் செய்யப்பட்டது. அதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு பாடங்கள் உண்டு. அயல்மொழியின் மரபைக் கற்பது கடினம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. அதற்கான ஆசிரியரையும் நேரத்தையும் ஊதியத்தையும் தானே கொடுத்தது. அடுத்து, அன்றாடப் பேச்சை ஊட்டக் கதையே சிறந்த வழி என்று ஆசிரியர்கள் கண்டுகொண்டார்கள். இன்று அதே கடற்கரையில் ஆங்கிலம் கற்க வேண்டிய தொழிலாளியின் பிள்ளைக்கு முதலாவதும் கிடைப்பதில்லை, இரண்டாவதும் கிடைப்பதில்லை.

எஜமானும் வளைந்து பேசிய ஆங்கிலம்

கல்லூரிக்கு வெளியே, வீடுகளிலும் கடைவீதியிலும் வேறொரு பேச்சு உருவானது. அதற்குப் பட்லர் இங்கிலீஷ் என்று பெயர். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி, அதைச் சென்னை மாகாணத்துக்கே உரியது என்று தனிப் பதிவாகக் கொடுத்திருக்கிறது. ‘ஐ டெல்லிங்’ என்றால் சொல்லுவேன். ‘ஐ டன் டெல்’ என்றால் சொல்லிவிட்டேன். ‘டன் கம்’ என்றால் வந்தேவிட்டது. ‘ஃபேமிலி’ என்றால் மனைவி. தமிழ் அறிந்தவருக்கு இதன் உள்ளோட்டம் விளங்கும். ‘சொல்லிவிட்டேன்’ என்பதிலுள்ள ‘விடு’ செய்யும் வேலையைத்தான் ‘டன்’ செய்கிறது. மனைவியைச் சம்சாரம் என்று சொல்லும் வழக்கமே ‘ஃபேமிலி’ என்று உடை மாற்றிக்கொண்டு வருகிறது.

இந்தப் பேச்சை அகராதிக்காரர்கள் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் அவர்கள் குறித்துவைத்த ஒரு செய்தி நமக்குப் பெரிது: வேலைக்காரர் மட்டுமல்லாமல் எஜமானர்களும் அவர்களிடம் இப்படியே பேசினார்கள். வேலை நடக்க வேண்டும் என்றால், மொழி தெரிந்தவர் தெரியாதவரை நோக்கி ஓரடி இறங்கி வர வேண்டும். அதிகாரம் முழுவதும் ஒரு பக்கம் குவிந்திருந்த காலத்திலேயே இது நடந்திருக்கிறது.

அப்படி இறங்கி வராவிட்டால் என்ன ஆகும் என்பதை வியன்னா பல்கலைக்கழகத்தின் பார்பரா சைடல்ஹோஃபர் காட்டினார். தாய்மொழி வேறு வேறாக உள்ளவர்கள் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகப் பேசும்போது எங்கே தடுக்கிறது என்று இவரைப் போன்ற ஆய்வாளர்கள் தேடினார்கள். இலக்கணப் பிழைகள் பெரும்பாலும் உரையாடலை நிறுத்துவதில்லை. ஒருவர் மட்டும் அறிந்த மரபுத்தொடரை மற்றவர்மேல் வீசும்போது நிறுத்துகிறது. இதற்கு ஒருதலை மரபுப்பேச்சு என்ற பொருளில் அவர் பெயர் வைத்தார். ‘ஹீ கோ எஸ்டர்டே’ என்று ஒரு தொழிலாளி சொன்னால் மேலாளருக்குப் புரிந்துவிடும். ‘டோண்ட் கட் கார்னர்ஸ் ஆன் திஸ் ஜாப்’ என்று மேலாளர் சொன்னால், மூலையை வெட்டக் கூடாது என்று தொழிலாளி எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. முறைப்படி செய்ய வேண்டியதைக் குறுக்குவழியில் முடிக்காதே என்பது அதன் பொருள். புரியாமல் போனதற்கு இங்கே கேட்டவரைப் பொறுப்பாளியாக்குவது நியாயமாகாது.

துறைமுக அலுவலகத்தின் வாய்பாடு

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஓர் எழுத்தர் சேர்ந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்ற பாடங்களில் கவனம் செல்லாமல், ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தவர் அவர். அடுத்த ஆண்டு ஜனவரி 16 தேதியிட்டு அவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதம் கணித வரலாற்றைத் திருப்பியது. அந்த எழுத்தர் சீனிவாச ராமானுஜன், கடிதத்தைப் பெற்றவர் கணித அறிஞர் ஹார்டி.

கணிதத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் கடிதத்தின் ஆங்கிலத்தை மட்டும் பார்த்தால், அது அக்கால அலுவலக விண்ணப்பங்களின் வாய்பாட்டில் தொடங்குகிறது. பணிவான முகமன், வேலை, சம்பளம், வயது, கல்வி, பிறகு கோரிக்கை. சொந்த நடையோ அலங்காரமோ இல்லை. மேலதிகாரி நாராயண ஐயரும், கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்குத் துணை நின்றார்கள். தேர்வில் ஆங்கிலம் அவரைக் கைவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லும் இடத்தில், எல்லாரும் அறிந்த வாய்பாட்டு ஆங்கிலம் அவரைக் கரை சேர்த்தது.

மொழியியலாளர் ஜான் சின்கிளேர் 1991இல் எழுதியது இதை விளக்குகிறது. பேசும்போது நாம் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துக் கோப்பதில்லை. முன்பே கட்டிவைத்த சொற்கட்டுகளைத்தான் பெரும்பாலும் எடுத்து வைக்கிறோம். மரபு என்பதே உயர்ந்தோர் ஒரு பொருளை எப்படிச் சொன்னார்களோ அப்படியே சொல்வதுதான் என்று நன்னூலார் வகுத்ததும் இந்தத் திசையில்தான். ஆகவே மரபுத்தொடர் என்றதும் வேடிக்கையான உவமைகளை மட்டும் நினைப்பது தவறு. ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்’, ‘ஐ வில் ஃபாலோ அப்’, ‘ஹோல்ட் ஆன்’, ‘ஆஸ் பெர் அவர் டிஸ்கஷன்’ ஆகிய நிறமற்ற கட்டுகளே அன்றாடப் பேச்சில் பெரும்பங்கு.

இந்தியாவுக்கே உரிய கட்டுகளும் உண்டு. ராஜாஜி சாலையிலும் ராயபுரத்திலும் உள்ள சுங்கத் தரகு அலுவலகங்களிலிருந்து போகும் மின்னஞ்சல்களில் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ கம்பெனி அதிகாரிகள் தம் பணியிடத்தை ‘ஸ்டேஷன்’ என்று அழைத்த காலத்தின் மிச்சம். ‘டூ த நீட்ஃபுல்’ இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் புழங்கியதுதான். அங்கே வழக்கொழிந்தது, இங்கே நிலைத்தது. இவற்றைப் பிழை என்று சிவப்பு மையால் அடிப்பது அறியாமை. நம் ஊருக்குள் இவை செல்லும் நாணயம். சிங்கப்பூருக்கோ ராட்டர்டாமுக்கோ எழுதும்போது மட்டும், வேண்டியது என்ன என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும்: எந்த ஆவணம், எந்தத் தேதிக்குள், யாருக்கு.

தொழிலின் சொற்கட்டுகள் இன்னும் நுட்பமானவை. கன்டெய்னர் ‘ரோல்’ ஆகிவிட்டது என்றால் அது உருண்டு விழவில்லை. இந்தக் கப்பலில் ஏறாமல் அடுத்த கப்பலுக்குத் தள்ளப்பட்டது. ‘கட் ஆஃப்’ என்றால் அந்தக் கப்பலுக்கான சரக்கை முனையம் வாங்கிக்கொள்ளும் கடைசி நேரம். கூலித் தொழிலாளி முதல் ஏற்றுமதி அலுவலர் வரை இவற்றைத் தமிழ் வாக்கியத்துக்குள் வைத்துத் தடையின்றிப் பேசுகிறார்கள். யாரும் பட்டியலாகச் சொல்லித்தரவில்லை. வேலை சொல்லித்தந்தது.

ஆலை வாசலில் கேட்ட ஆங்கிலம்

துறைமுகத்துக்கு வடக்கே ஆலைகள். 1946இல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. 1955இல் என்ஃபீல்ட் இந்தியா உருவாகித் திருவொற்றியூரில் புல்லட் வண்டி கட்டியது. அதே ஆண்டு எண்ணூரின் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. இயந்திரமும் வரைபடமும் இங்கிலாந்திலிருந்து வந்தபோது ஆங்கிலமும் உடன் வந்தது. ஃபிட்டர், டர்னர், ஃபோர்மேன், டூல் ரூம், ஷிஃப்ட், ஓவர் டைம் என்று ஒரு தலைமுறை முழுவதும் அந்தச் சொற்களால் பிழைத்தது.

தொழிற்சங்கமும் தனக்கென்று ஓர் ஆங்கிலத்தை உண்டாக்கிக்கொண்டது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் பி.பி. வாடியா தமிழ் அறியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேசியது தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. திரு.வி.க. போன்றோர் அந்தக் கருத்துகளைத் தமிழில் நிலைநிறுத்தினார்கள். கேட் மீட்டிங், ஸ்டிரைக், லாக் அவுட், கோ ஸ்லோ, நோ வொர்க் நோ பே ஆகியவை எல்லாம் இங்கே தமிழாகவே ஆகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் உள்ள சட்டப் பொருளும் சம்பள இழப்பும் தொழிலாளிக்குத் தெரியும். அதிகாரத்தின் மொழியை அவர் புரிந்துகொண்டார். காரணம், இடையில் நின்று விளக்க ஒரு சங்கம் இருந்தது.

1990களில் விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வந்தபோது ‘கோல்டன் ஹேண்ட்ஷேக்’ என்ற தொடர் நாளிதழ்களில் அடிக்கடி வந்தது. தங்கக் கைகுலுக்கல் என்று கேட்டால் பரிசு போலத் தோன்றும். பல குடும்பங்களுக்கு அது நிரந்தர வேலையின் முடிவு. இன்று ஒப்பந்த வேலையின் காலம். ‘வீ ஹாவ் டு லெட் யூ கோ’ என்றால் வீட்டுக்குப் போகலாம் என்ற அனுமதி அன்று, வேலை போய்விட்டது. ‘ரைட் சைசிங்’ என்றால் ஆட்குறைப்பு. ‘வீ ஆர் எ ஃபேமிலி ஹியர்’ என்று சொல்லும் இடத்தில் மிகை நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அடியை மெத்தையில் பொதிந்து தரும் இந்தத் தொடர்களை அறிந்திருப்பது தொழிலாளிக்குத் தற்காப்பு. ஆங்கில மரபுத்தொடர் வகுப்பு எதிலும் நான் முதல் பாடமாக வைக்க விரும்புவது இவற்றைத்தான்.

இதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டவற்றில் கட்டுமரமும் சுருட்டும் மட்டும் இல்லை. ஒரு சாதியின் பெயரும் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட மனிதரை, ஒதுக்கப்பட்ட நாட்டைக் குறிக்க ‘பரையா’ என்ற சொல்லை ஆங்கில ஏடுகள் இன்றும் கூசாமல் எழுதுகின்றன. பெரம்பூர் ஆலைகளிலும் இந்தத் துறைமுகத்திலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்களின் பெயர் அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்திருக்கும்போது, இதை வழக்கமான தொடராக வாயில் வைத்துப் பழகச் சொல்லும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை. பொருளையும் வரலாற்றையும் சொல்லிக்கொடுத்து, இது நாம் பேச மறுக்கும் சொல் என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடலில் மரபுத்தொடருக்கு இடமில்லை

ஆங்கில மரபுத்தொடர்கள் பல கப்பலில் பிறந்தவை. அந்தக் கப்பல்களே இன்று அவற்றைத் தடை செய்கின்றன. இது பலருக்கு வியப்பாக இருக்கும். பல நாட்டு மாலுமிகள் ஒரே கப்பலில் வேலை செய்யும் காலம் இது. வானொலியில் ஒருவர் அலங்காரமாகப் பேசி இன்னொருவர் தவறாகப் புரிந்துகொண்டால் உயிர் போகும். ஆகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் கடல்வழித் தொடர்புக்கான நிலையான சொற்றொடர்களை ஏற்றுக்கொண்டது. ஒரு கருத்துக்கு ஒரே தொடர். சுருக்க வடிவம் கூடாது. இரு பொருள் தரும் சொல் கூடாது.

அதன் நுணுக்கத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். கப்பல்வழிக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டும். ‘மே ஐ என்டர்’ என்று தொடங்கக் கூடாது. ‘மே’ என்பது அனுமதியா, வாய்ப்பா என்ற குழப்பம் வரும். முதலில் ‘கொஸ்டின்’ என்று சொல்லி, இது கேள்வி என்று அறிவிக்க வேண்டும். பிறகு ‘டூ ஐ ஹாவ் பெர்மிஷன்’ என்று கேட்க வேண்டும். பதில் சொல்பவர் ‘ஆன்ஸர்’ என்று தொடங்கி, அனுமதி உண்டு என்பதை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். இப்படி அறிவுறுத்தல், அறிவுரை, எச்சரிக்கை, தகவல், கேள்வி, பதில், வேண்டுகோள், நோக்கம் என எட்டு முன்னறிவிப்புச் சொற்கள் உண்டு. 150 என்ற எண்ணை ‘ஒன் ஃபைவ் ஜீரோ’ என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும். சொன்னது சரியாகக் கேட்கவில்லை என்றால் ‘பார்டன்’ இல்லை, ‘ஸே அகெய்ன்’. நம் பிள்ளைகள் வகுப்பறை வாசலில் நின்று முதன்முதலில் கற்கும் ‘மே ஐ கம் இன்’ பணிவான ஆங்கிலம்தான். துறைமுக வாயிலில் அந்தப் பணிவைவிடத் தெளிவுக்கு மதிப்பு அதிகம்.

வானிலும் இதே பாடம் பெரிய விலை கொடுத்துக் கற்கப்பட்டது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். நாங்கள் இப்போது ‘அட் டேக் ஆஃப்’ என்று ஒரு விமானத்திலிருந்து வந்த தெளிவற்ற தொடரும் ‘ஓகே’ என்ற மறுமொழியும் அந்த விபத்தின் காரணங்களில் சேர்ந்தன. அதற்குப் பிறகு வான்வழித் தொடர்பில் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை எப்போது உச்சரிக்கலாம் என்பதற்கே கட்டுப்பாடு வந்தது.

காமராஜர் துறைமுகத்தில் பாரந்தூக்கியின் கீழே நிற்பவருக்கும், மணலி சுத்திகரிப்பு ஆலையில் வால்வைத் திறப்பவருக்கும் இது பொருந்தும். பாதுகாப்பு அறிவுரையில், விழிப்பாகப் பார் என்பதற்கு ‘கீப் யுவர் ஐஸ் பீல்ட்’ என்று சொல்வது ஆபத்து. ‘லுக் அப்’, ‘ஸ்டாப்’, ‘டோண்ட் ஸ்டாண்ட் ஹியர்’ என்று சொல்ல வேண்டும். அதைவிட நல்லது, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சொல்வது. இன்றைய எண்ணூரில் தொழிலாளர் எல்லாரும் தமிழ் மட்டும் பேசுகிறவர்கள் அல்லர்.

காசிமேட்டில் நின்று படிக்கலாம்

கேட்டுப் புரிந்துகொள்வதே முதல் தேவை என்றால் அதை எப்படிக் கற்பிப்பது? பெல்ஜிய ஆய்வாளர் ஃபிராங்க் பூர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2000களில் நடத்திய ஆய்வுகள் ஒரு வழி சொல்கின்றன. மரபுத்தொடர் எந்த வாழ்க்கைச் சூழலில் பிறந்தது என்று தெரிந்தவர்கள், பொருளை மட்டும் உருப்போட்டவர்களைவிட நன்றாக நினைவில் வைக்கிறார்கள். தொடர் ஒரு காட்சியாக மனத்தில் பதிகிறது.

இந்த வழி வடசென்னைப் பிள்ளைகளுக்கு வாய்த்தது போல வேறு யாருக்கும் வாய்க்காது. ‘இன் தி ஆஃபிங்’ என்றால் விரைவில் வரவிருப்பது. கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில், நங்கூரமிடும் இடத்துக்கு அப்பால் உள்ள கடற்பரப்பே ‘ஆஃபிங்’. காசிமேட்டில் நின்று கிழக்கே பார்த்தால் துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். அவை வந்தேதீரும், இன்னும் வரவில்லை. தொடரின் பொருள் முழுவதும் கண்முன்னே நிற்கிறது. ‘கிவ் எ வைட் பெர்த்’ என்றால் ஒதுங்கிப் போவது. நங்கூரமிட்ட கப்பலை உரசாமல் விலகிப் படகு ஓட்டிய மீனவரின் மகனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ‘நோ த ரோப்ஸ்’ என்றால் வேலையின் நெளிவுசுளிவு தெரிந்திருப்பது. பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எதை இழுக்கும் என்று தெரிந்தவனே மாலுமி. ‘டேக்கன் அபேக்’ என்றால் திடுக்கிட்டுப்போவது. எதிர்பாராத காற்று பாயை முன்பக்கமாக அறைந்து கப்பலை நிறுத்திவிடுவதிலிருந்து வந்தது. ‘ஹை அண்ட் டிரை’ என்றால் கைவிடப்பட்ட நிலை. நீர் வற்றி மணலில் ஏறி நிற்கும் கப்பல்.

கதை சொல்லும்போது பொய்க் கதையை விலக்க வேண்டும். பகட்டைக் குறிக்கும் ‘பாஷ்’ என்ற சொல் இந்தியாவுக்கு வந்துபோன கப்பல்களில் வெயில் படாத அறைகளுக்கான பயணச்சீட்டில் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அதற்குச் சான்று கிடையாது. இனிமையான கதை என்பதற்காக வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது.

தமிழ் மரபுத்தொடரும் துணைக்கு வரும். ஆழம் பார்ப்பதும் ‘டெஸ்டிங் த வாட்டர்ஸ்’ என்பதும் ஒரே செயல். கை கழுவுவது இரு மொழியிலும் பொறுப்பை உதறுவது. அக்கரைப் பச்சையை ஆங்கிலேயர் வேலிக்கு அப்பாலுள்ள புல்லில் பார்க்கிறார்கள். ராயபுரத்துப் பேச்சு இதில் இன்னும் செல்வம் மிக்கது. ‘ஜகா வாங்கிட்டான்’, ‘கம்பி நீட்டிட்டான்’, ‘உதார் விடாதே’, ‘காது குத்தாதே’ என்று ஒரு நாளில் நூறு மரபுத்தொடர் பேசும் மக்கள் இவர்கள். சினிமா இந்தப் பேச்சைப் பெரும்பாலும் சிரிப்புக்கே பயன்படுத்தியது. மொழியியல் கண்ணால் பார்த்தால், சொல்லின் நேர்ப்பொருளைத் தாண்டிப் பேசும் திறமை இவர்களிடம் ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது. எந்தத் தொடரை யாரிடம் பேசலாம், யாரிடம் கூடாது என்ற அளவும் இருக்கிறது. ‘ஜகா வாங்கிட்டாரு’ என்று மேலாளரைப் பற்றி அவர் எதிரில் யாரும் சொல்வதில்லை. ‘ஹீ காட் கோல்ட் ஃபீட்’ என்பதற்கும் அதே எச்சரிக்கை போதும்.

செய்முறைக்கும் நம் ஊரிலேயே முன்னோடி உண்டு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சில் அதிகாரியாக இருந்த என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணம் சொல்லித்தராமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது ஆகிய பணிகளைக் கொடுத்தார். பொருளில் மனம் ஊன்றும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. உலகம் முழுவதும் பணிவழிக் கற்பித்தல் என்று இன்று போற்றப்படுவதன் தொடக்கங்களில் ஒன்று அது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று நாள்தோறும் போய்வரும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடநூல் எங்கே கிடைக்கும்? ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’, ‘த டிரெயின் இஸ் ஹெல்ட் அப்’, ‘ஐ வில் மேக் இட் பை நைன்’ என்ற தொடர்கள் அந்தப் பயணத்துக்குள்ளேயே இருக்கின்றன.

பேசுவதற்கு எவ்வளவு

பேசத் தொடங்கும்போது இன்னொரு தடை வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசினால் ‘பீட்டர் விடாதே’ என்று தெருவே சிரிக்கும். பேசாவிட்டால் அலுவலகத்தில் ‘லோக்கல்’ என்று பெயர். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் நகரத்துக்கு வேலைக்குப் போகும் இளம்பெண்கள் இந்த இரண்டு ஏளனத்துக்கும் நடுவில் தினமும் பயணம் செய்கிறார்கள். வேடிக்கையான மரபுத்தொடர்கள் இவர்களுக்கு உதவுவதில்லை. சற்றே இடம் மாறிச் சொன்னாலும் சிரிப்புக்கு இடமாகும். ‘இட்ஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று இன்றைய ஆங்கிலேயரே அரிதாகத்தான் பேசுகிறார்கள். ‘இட்ஸ் ரெயினிங் ஹெவிலி’ என்பது எவருக்கும் புரியும், எவரும் சிரிக்க முடியாது.

எனவே பேச்சுக்கு நான் முன்வைக்கும் அளவு சிறியது. நேரம், தாமதம், வேண்டுகோள், மறுப்பு, மீண்டும் கேட்பது, ஒத்துக்கொள்வது ஆகிய ஆறு சூழலுக்கு நிறமற்ற சொற்கட்டுகள் ஒவ்வொன்றிலும் நாலைந்து இருந்தால் போதும். அவற்றில் மிக முக்கியமானது, புரியாதபோது தயங்காமல் கேட்கும் ஒரு வாக்கியம்: ‘சாரி, வாட் டு யூ மீன் பை தட்?’ இந்த ஒரு கேள்வி, மனப்பாடம் செய்த இருநூறு தொடர்களைவிடப் பயன் தரும். கேட்பவரின் கௌரவம் இதனால் குறையாது. விளங்கச் சொல்லும் கடமை பேசியவரிடம் திரும்பிப் போகும்.

தமிழ்நாடு 1968 முதல் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையில் உறுதியாக நிற்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் ஆங்கிலப் பேச்சுத் திறனையும் வேலைக்கான தகுதிகளில் ஒன்றாகப் பார்க்கிறது. கொள்கை சரி; இனி வேண்டியது வகுப்பறையில் மாற்றம். பொருத்துக வினாவை நீக்கிவிட்டு, ஓர் உரையாடலை ஒலிக்கவிட்டு, பேசியவர் ஒப்புக்கொண்டாரா மறுத்தாரா என்று கேளுங்கள். ‘வீ வில் கெட் பேக் டு யூ’ என்பதன் இரு பொருளையும் குரலிலிருந்து பிரித்தறியச் சொல்லிக்கொடுங்கள். வேலை நீக்கக் கடிதத்தின் மொழியைப் பாடமாக வையுங்கள்.

இந்தக் கடற்கரையில் லாபம் ஈட்டும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாதுகாப்பு அறிவுரையும் பணி நீக்க அறிவிப்பும் தொழிலாளியின் மொழியில், நேரான சொற்களில் இருக்கட்டும். ஆங்கிலம் வேண்டும் என்று நீங்கள் கருதினால் வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொடுங்கள். தன் ஊழியர்களுக்குத் தமிழ் கற்பிக்க 1812இல் கம்பெனி செய்ததை, இன்று தமிழ்த் தொழிலாளிக்கு ஆங்கிலம் கற்பிக்க நீங்கள் செய்ய முடியாது என்று சொல்வதற்குக் காரணம் எதுவும் இல்லை.